கேட்காத ஆசிரியரிடமிருந்தே தொடங்குங்கள்

கேள்வி:

மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியின் தலைமை ஆசிரியை நான். சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள். போன ஆண்டு மாறுதல் கலந்தாய்வில் இங்கே வந்தேன். பள்ளியில் ஏழு ஆசிரியர்கள். அவர்களில் மூத்தவர் ஓர் இடைநிலை ஆசிரியர். வயது 56, இந்தப் பள்ளியிலேயே 19 ஆண்டுகளாக இருக்கிறார். நான் எதைச் சொன்னாலும் "இந்த ஊருக்கு அது சரிப்படாது டீச்சர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மற்றவர்களும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

4, 5ஆம் வகுப்புகளில் பாதிப் பேருக்கு ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்க வராது. மாதத்தில் சில நாள்கள் வகுப்பில் கால்வாசிப் பேர் இருப்பதில்லை. பையன்கள் கரைக்குப் போய்விடுகிறார்கள். பெண்பிள்ளைகள் தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதற்காகத் தாய்மார்களைக் கடிந்து பேசினேன். அடுத்த கூட்டத்துக்கு நான்கு பேர்தான் வந்தார்கள்.

தலைமைப் பண்புப் பயிற்சிக்கு இரண்டு முறை போய்வந்தேன். அங்கே கேட்டபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தால் எதை முதலில் தொடுவது என்று தெரியவில்லை. இப்போது தலைமை ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வழிகாட்டி வைத்துப் பேசுகிறார்களாமே, அது எங்களைப் போன்ற பள்ளிக்குப் பயன்படுமா? இல்லை, பதவி இறக்கம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடியும் வகுப்பெடுக்கவே போய்விடலாமா? வகுப்பெடுப்பது எனக்கு நன்றாக வரும்.

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வகுப்பெடுப்பது நன்றாக வரும் என்கிறீர்கள். அப்படியானால் ஒரு தலைமை ஆசிரியைக்கு வேண்டியதில் பெரும்பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பழைய வேலையின் சொத்து என்று ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த நாற்காலிக்கு வேறு ஏதோ தனித்திறமை வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று எழுதவில்லை. ஆனாலும் ஊகிக்க முடிகிறது. காலை உணவு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற கணக்கில் தொடங்கும். பிறகு பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு. அது முடிவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் "மிக அவசரம்" என்று ஒரு படிவம் வந்து விழும். சத்துணவுப் பதிவேடு, விலையில்லாப் பொருள்களின் பட்டியல், ஆதாரில் பெயர் ஓர் எழுத்து மாறியதால் உதவித்தொகை நின்றுபோன பிள்ளை, தண்ணீர் ஏறாத மோட்டார். மூன்று மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் அன்றைக்கு ஒரு வகுப்பறைக்குள்கூடப் போயிருக்க மாட்டீர்கள். இது உங்கள் சோம்பல் அல்ல. இந்த வேலையை இப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் இதிலிருந்து ஒரு மணி நேரத்தைப் பிடுங்கி எடுக்கும் வேலையை உங்களுக்காக வேறு யாரும் செய்யப்போவதில்லை.

எதற்கு அந்த ஒரு மணி நேரம் என்று கேட்பீர்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளித் தலைவர் செய்யும் வேலைகளில் எது பிள்ளைகளின் படிப்பில் போய்ச் சேருகிறது என்று, ஏற்கெனவே நடந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டார்கள். ஒழுங்கான சூழலை உண்டாக்குவது, தேவையானதைத் தேடிக் கொண்டுவருவது, இலக்கு வைப்பது, கற்பித்தலைத் திட்டமிட்டு மதிப்பிடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் பலன் இருந்தது. ஆனால் ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் தலைவரும் கூட உட்கார்ந்து கற்பதற்கு இருந்த பலன், அடுத்த நிலையில் இருந்தவற்றைப்போல இரண்டு மடங்கு. பலனை அளக்கும் அவர்கள் கணக்கில் ஒன்று 0.84, மற்றது 0.42. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கப் பள்ளிகளில் நடந்தவை என்பதால் எண்ணை அப்படியே நம் கடற்கரைக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் அது காட்டும் திசையை, தலைமை ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாக நான் போய்வரும் பள்ளிகளில் கண்ணால் பார்க்கிறேன். வகுப்பில் போய் உட்காரும் தலைமை ஆசிரியரின் பள்ளி மெல்ல அசைகிறது. சுற்றறிக்கையை வாசித்துக் காட்டுபவரின் பள்ளி நின்ற இடத்தில் நிற்கிறது.

எனவே வாரத்தில் ஒரு நாள், ஒரு பாடவேளை. செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு 4ஆம் வகுப்புக்குப் போங்கள். படிவத்தை ஒரு மணி நேரம் தாமதமாக அனுப்பியதற்காக இதுவரை யாரும் வேலையிழந்ததில்லை. உங்கள் பள்ளியில் ஹைடெக் லேப் பயிற்றுநர் இருந்தால் எமிஸ் பதிவேற்றத்தை அவரிடம் முறையாக ஒப்படையுங்கள். இல்லையென்றால் செல்பேசியில் விரல் ஓடும் இளைய ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு, பதிலுக்கு அவருடைய வகுப்பை நீங்கள் ஒரு பாடவேளை எடுத்துக்கொள்ளுங்கள். இது இருவருக்கும் ஆதாயம். உங்களுக்குச் சாக்பீஸ் கைக்குத் திரும்பக் கிடைக்கும்.

வகுப்பில் போய் உட்காருவதில் ஒரு சிக்கல் உண்டு. நம் பள்ளிகளில் நோட்டுடன் ஒருவர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: ஆண்டாய்வு. ஆசிரியரின் குரல் மாறிவிடும். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளாகப் பார்த்து எழுப்புவார். அதனால் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்: நாளைக்கு வருகிறேன், நோட்டில் எதுவும் எழுத மாட்டேன், போட்டோ எடுத்துக் குழுவில் போட மாட்டேன், நான்கு பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கப்போகிறேன். போனால் நாற்காலியில் உட்கார வேண்டாம். பிள்ளைகளோடு பாயில் உட்காருங்கள். ஆசிரியரைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே வகுப்பில் இருக்கும் இறுக்கம் பாதி தளர்ந்துவிடும்.

தொண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். 4ஆம் வகுப்பு, தமிழ்ப் பாடம். ஆசிரியை ஒரு வரி சொல்ல, வகுப்பே சேர்ந்து அதைத் திருப்பிச் சொன்னது. குரல் தெரு வரை கேட்டது. தலைமை ஆசிரியர் சுவரோரமாக ஒரு சிறுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாடம் முடிந்து, இடைவேளையில் மரத்தடியில் நின்றபடியே இருவரும் பேசிக்கொண்டார்கள்.

"இன்றைக்கு யாருக்கெல்லாம் வாசிக்க வந்தது என்று நினைக்கிறீர்கள் டீச்சர்?"

"எல்லோருமே வாசித்தார்களே சார்."

"மூன்றாம் வரிசை, சுவரோரம் இருந்த பிள்ளை?"

"அவளும்தான் வாசித்தாள்."

"அவள் விரித்து வைத்திருந்தது வேறு பாடம்."

அதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அறிவுரை இல்லை, "இனிமேல் கவனமாக இருங்கள்" இல்லை. ஆசிரியை சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு அவரே, "சேர்ந்து சொல்லச் சொன்னால் இது தெரியாது சார். நாளைக்கு இரண்டு இரண்டு பேராக உட்கார்த்தி வாசிக்க வைக்கிறேன்" என்றார். தலைமை ஆசிரியர் தலையாட்டிவிட்டு, "அடுத்த செவ்வாய் வந்து அந்தப் பிள்ளை பக்கத்திலேயே உட்காருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி உட்கார்ந்தார் என்று பிறகு அந்த ஆசிரியையே எனக்குச் சொன்னார்.

கவனியுங்கள், அந்தத் தலைமை ஆசிரியர் மொத்தமாகப் பேசியது நான்கைந்து வரி. ஒரே ஒரு விஷயம், பேசியது அன்றைக்கே, மறுபடி வருவேன் என்ற வாக்கு. பயிற்சி அரங்கில் உங்களுக்குக் கிடைக்காமல் போனது அந்த மூன்றாவதுதான். நீங்கள் வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவர், உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்: கண்மாய்க் கரை உடைந்து கிடந்தால் எத்தனை மழை பெய்தும் தண்ணீர் தங்காது. அரங்கில் கேட்டதெல்லாம் சரிதான். அதைப் பள்ளியில் தேக்கி வைக்க, "போன வாரம் சொன்னது என்ன ஆயிற்று?" என்று கேட்கத் திரும்பி வரும் ஓர் ஆள் வேண்டும். உங்கள் ஆசிரியர்களுக்கு அந்த ஆள் நீங்கள். உங்களுக்கு யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி அந்த மூத்த ஆசிரியர். நீங்கள் அவரைப் பற்றி எழுதிய இடத்தில் பேனா அழுந்தியிருப்பது தெரிகிறது.

இளையவர்களை முதலில் சேர்த்துக்கொண்டு அவரைத் தனிமைப்படுத்தலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வருவதுதான். செய்யாதீர்கள். 19 ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்தவரைச் சுற்றிக்கொண்டு எந்தப் பாதையும் போகாது. உங்கள் முதல் செவ்வாய்க்கிழமையை அவருடைய வகுப்பிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன். அதற்கும் முன்னால் அவர் நிலையை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றித் தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்வு எழுதாமலே பணியில் தொடரலாம்; ஆனால் தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வு கிடையாது என்பது அதன் சாரம். அறுபதில் ஓய்வு என்றால் உங்கள் சாருக்கு இன்னும் நான்கு ஆண்டுகள்தான். அவர் தேர்வில் தேர்ச்சி பெற்றவரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. பெறாதவர் என்றால், வாழ்நாள் முழுதும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துவிட்டு, உங்கள் நாற்காலியில் ஒருநாளும் உட்கார முடியாது என்ற முடிவோடு தினமும் பள்ளிக்கு வருகிறார். "சரிப்படாது" என்ற அந்தச் சொல்லில் இந்த வலியும் கலந்திருக்கலாம். அவர் பேசுவது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை உங்கள் மேல் உள்ள வெறுப்பு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் வழி தவறிவிடுவீர்கள்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. "இந்த ஊருக்கு அது சரிப்படாது" என்பவருக்கு இந்த ஊருக்கு எது சரிப்படும் என்பதும் தெரிந்திருக்கும். அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். அது சவால் போல ஒலிக்கும். ஒரு நாள் பள்ளி விட்டபின் தனியாகக் கேளுங்கள். "சார், பிள்ளைகள் எந்த எந்த நாளில் வராமல் போகிறார்கள், ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நான் வயல்காட்டு ஊர்க்காரி. நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும்." உங்களுக்கு இது உண்மையாகவே தெரியாது, ஆகவே இதில் நடிப்பு ஒன்றுமில்லை. தெரிந்துகொண்டே கேட்பது போல நடித்தால் அந்த வயதுக்காரர் அரை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

அவர் என்ன சொல்வார் என்று ஓரளவு எனக்குத் தெரியும். உங்கள் கரையில் பல தாய்மார்கள் தீவுகளை ஒட்டிய கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையோடு பாறையில் கையை விட்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் அந்த வேலை நன்றாக நடக்கும். விடியலில் படகேறினால் திரும்ப மதியம் ஆகிவிடும். அந்த நாள்களில்தான் உங்கள் 6ஆம் வகுப்புப் பெண்பிள்ளை வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். வருகைப் பதிவேட்டைப் பஞ்சாங்கத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்களுக்கே புலப்படும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதில் பெரும்பகுதி கோடை விடுமுறையோடு போய்விடுகிறது. ஆனால் பாருங்கள், பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரங்களில்தான் அந்த வீடுகளில் கையில் காசே இருக்காது. தடை முடிந்து படகு இறங்கிய உடனே கரையில் வேலை குவியும். மீன் பிரிக்க, நண்டு எடுக்க, ஐஸ் தூக்க, பெரிய வகுப்புப் பையன்களுக்கு அன்றைக்கே கையில் காசு கிடைக்கும். ஆண்டின் முதல் மாதமே அவன் பாடம் விட்டுப்போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் படகு போகாது. ஊரே வீட்டில் இருக்கும். இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்துக்கொண்டு போனால், அந்தப் படகில் அப்பா இருக்கும் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அன்று எதுவும் காதில் ஏறாது. முதுகுளத்தூரில் உங்களுக்கு மிளகாய்ப் பழம் எடுக்கும் மாதங்கள் தெரிந்திருந்தன. இங்கே கடலின் நாள்காட்டி தெரிய வேண்டும். அது அந்த சாரின் தலைக்குள் இருக்கிறது.

அவரையே ஒரு பெரிய சார்ட்டில் அதை எழுதச் சொல்லி, ஆசிரியர் அறையில் ஒட்டுங்கள். எந்த வாரங்களில் பிள்ளைகள் குறைவார்கள் என்று தெரிந்துவிட்டால் அந்த நாள்களில் புதிய பாடம் தொடங்க வேண்டாம். வந்தவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து வாசிக்க வைக்கலாம். வராதவர்கள் திரும்பி வந்த முதல் இரண்டு நாள், முதல் பாடவேளை அவர்களுக்கு. இதை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று ஆசிரியர்களே பேசி முடிவு செய்யட்டும். கூட்டத்தை அந்த சாரே நடத்தட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள். ஆசிரியர்கள் அப்போதும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும். பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு என்ன நட்டம்?

இதில் ஓர் எல்லைக்கோடும் உண்டு. மணி அடித்தும் வகுப்புக்குப் போகாமல் இருப்பது, பிள்ளையை அடிப்பது, பதிவேட்டில் வராதவருக்கு வருகை போடுவது போன்றவை பேசிப் பதப்படுத்தும் விஷயங்கள் அல்ல. அவற்றை விதிப்படி, எழுத்தில், அன்றைக்கே கையாளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் தலைமை ஆசிரியர்கள் இரண்டிலும் தோற்பதைப் பார்க்கிறேன்.

தாய்மார்கள் விஷயத்துக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டம், 2009 பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் அவர்களைப் பள்ளிக்குப் பொறுப்பாளிகளாக உட்கார்த்தி வைத்திருக்கிறது. அன்றைக்கு நீங்கள் அவர்களைக் குற்றவாளிகளாக நிற்க வைத்துவிட்டீர்கள். பாசி காயவைத்திருக்கும் இடத்துக்கு ஒரு மாலை நேரம் போங்கள். ஒரு ஆசிரியையை உடன் அழைத்துக்கொள்ளலாம். அலுவலகத் தோரணை வேண்டாம். "அன்றைக்கு நான் பேசியது தவறு. உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று தெரியாமல் பேசிவிட்டேன்" என்று சொல்லுங்கள். தலைமை ஆசிரியை இப்படிச் சொன்னால் மரியாதை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கைகளில் இருக்கும் வெட்டுக் காயங்களை நேரில் பார்த்தால் நீங்களே சொல்லாமல் இருக்க மாட்டீர்கள்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் கடலுக்குப் போகும் காலையில் சின்னப் பிள்ளையை யாரிடம் விட முடிந்தால் பெரியவளைப் பள்ளிக்கு அனுப்புவீர்கள்? பதில் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். பல ஊர்களில் அங்கன்வாடி பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அக்கா கூட்டி வந்து தம்பியை அங்கே விட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாமா, அங்கன்வாடிப் பணியாளர் எத்தனை மணிக்கு வருகிறார், இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எந்தப் பாட்டி இருக்கிறார் என்று பேச்சு தானாக நகரும். கூட்டத்தையும் அவர்கள் கடலுக்குப் போகாத நாளின் மாலையில் வையுங்கள். சுற்றறிக்கையில் வேறு தேதி இருந்தால் அந்தத் தேதியில் ஒரு கூட்டம் நடத்திவிட்டு, உண்மையான கூட்டத்தை இவர்கள் நாளில் நடத்துங்கள்.

இப்போது வழிகாட்டி. பயன்படுமா என்று கேட்டீர்கள். பயன்படும், நான் செய்யும் வேலையே அது என்பதால் அதன் அளவையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வழிகாட்டி உங்கள் பள்ளியை நடத்த வரமாட்டார். மாதத்தில் இரண்டு முறை ஒரு மணி நேரம் உங்களோடு உட்காருவார். போன முறை என்ன செய்வதாகச் சொன்னீர்கள், செய்தீர்களா, என்ன பார்த்தீர்கள், எது தடுத்தது, அடுத்த இரண்டு வாரத்தில் ஒரே ஒரு காரியம் என்ன என்று கேட்பார். பெரும்பாலும் நீங்கள்தான் பேசுவீர்கள். எப்போதாவது பள்ளிக்கு வந்து, ஆசிரியரோடு நீங்கள் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, நீங்கள் எந்த இடத்தில் குறுக்கே பேசினீர்கள் என்று சொல்வார். அவ்வளவுதான். அந்த அவ்வளவு போதும், ஆண்டு முழுக்க விடாமல் நடந்தால்.

யாரைத் தேடுவது? உங்களுக்கு மேலே இருந்து உங்களைப் பற்றி எழுதுகிற அதிகாரி அந்த இடத்தில் இருக்கக் கூடாது. வட்டாரக் கல்வி அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் முன்னால் "எனக்குத் தெரியவில்லை" என்று நீங்கள் மனம் திறந்து சொல்ல மாட்டீர்கள். சொல்லாவிட்டால் இதில் பயனே இல்லை. கைப்பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கும் வகுப்புகளுக்கும் போக வேண்டாம். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து கூடும் குறுவள மையக் கூட்டத்தில் உங்களைப் போலவே வாய்மூடி உட்கார்ந்திருக்கும் இன்னொரு தலைமை ஆசிரியர் இருப்பார். திருப்புல்லாணி ஒன்றியத்திலோ மண்டபம் ஒன்றியத்திலோ, கடற்கரைப் பள்ளியாகவே பாருங்கள். அவரோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு மாதம் நீங்கள் அவர் பள்ளிக்கு அரை நாள் போவது, அடுத்த மாதம் அவர் உங்கள் பள்ளிக்கு வருவது. பரமக்குடி பக்கம் மஞ்சூரில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, இதை முறையான பணியாக ஏற்க முடியுமா என்று கேளுங்கள். பணி நாளில் போய்வர அது உதவும். இந்தக் கரையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் எவராவது இருந்தால் அவரையும் கேட்கலாம். ஆனால் முதல் அரை மணி நேரம் தம் காலத்துக் கதையையே சொல்பவர் என்றால், மரியாதையாகத் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பதவி இறக்கம் பற்றி. அதில் இழிவு ஒன்றுமில்லை. நாற்காலியை விட்டு வகுப்புக்குத் திரும்பிச் சந்தோஷமாக இருக்கும் நல்ல ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வகுப்பின் மேல் உள்ள ஆசையால் திரும்பியவர்கள். உங்கள் கடிதத்தில் அந்த ஆசையும் இருக்கிறது, ஒருவர் சொன்ன ஒற்றை வரியிலிருந்து தப்பித்துப் போகும் அவசரமும் இருக்கிறது. இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கு உங்களுக்கே தெரியாது. ஏப்ரல் வரை அந்த விண்ணப்பத்தை எழுத வேண்டாம். தேர்வுகள் முடிந்ததும் 4ஆம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நீங்களே உட்கார்த்தி வைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.